இடது கன்னம்

மார்ச் 4, புதன்

வக்கீல் கட்சி மாறிவிட்டான்.

என் கணவருடைய அக்கா, அதாவது அண்ணி, வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் என் நாய் அவர் காலடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. எதைச் சொன்னாலும் எதிர்த்துக் குரைக்கிறான் என்றுதான் வக்கீல் என்று பெயர் வைத்தோம். அண்ணியிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் இவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கன்னத்தைப் பிசைந்து, "என்ன சார், கேஸ் எப்படிப் போகுது?" என்று கேட்கிறார். இவன் கண்ணை மூடிக்கொள்கிறான். வீட்டில் மற்ற எல்லோரும் அவன் முதுகைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள்தான். முகத்தைத் தொட்டுக் கொஞ்சுகிற ஆள் அவர் ஒருவர்தான்.

அண்ணி குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். வேறு இடம் கிடைக்கும்வரை இங்கே. முன்னறையை ஒழித்துக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

சாப்பிடும்போது அக்காவும் தம்பியும் சின்ன வயதுக் கதை ஒன்றைப் பேசிச் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து இவருக்குப் புரையேறிவிட்டது. இந்த மனிதருக்கு இப்படியெல்லாம் சிரிக்க வருமா? மகளும் அத்தை தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். கதையில் வருகிறவர்கள் யார் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

சான்றிதழ் வந்துவிட்டது. விலங்கு நடத்தை மருத்துவம். ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற படிப்பு. எங்கள் கால்நடை மருத்துவமனைப் பலகையில் என் பெயருக்குக் கீழே "நடத்தை ஆலோசனையும் உண்டு" என்று இன்னொரு வரி ஏறிவிட்டது. என்னோடு சேர்ந்து மருத்துவமனையை நடத்துகிற டாக்டர் நின்று படித்துப் பார்த்தார். வயதில் என்னைவிடச் சின்னவர். உயரத்தை வைத்து எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்கிறார்கள். "இனிமே ஊசி போடற வேலையெல்லாம் என் தலையில, மேடம் உக்காந்து நாய்கிட்டப் பேசுவீங்க" என்றார்.

படிப்பின் முதல் பாடமே இதுதான்: நடத்தை மாறினால் முதலில் உடம்பைப் பார், அப்புறம் மனதைப் பார். அதைச் சிவப்பு மையால் எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

வக்கீலுக்கு ஒரு பரிசு. படிப்பில் சொன்ன கெட்டி நைலான் எலும்பு. நாயின் மனதுக்கு வேலை கொடுக்குமாம். மதியம் முழுக்கக் கடக் கடக் என்று கடித்துக்கொண்டிருந்தான். அண்ணி காதைப் பொத்திக்கொண்டு, "வாய்தா வாங்கற சத்தமா இது?" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

வக்கீல் அண்ணியைப் பார்த்து உறுமினான். முதல் தடவை. வழக்கம்போல அவர் முகத்தைப் பிடித்துக் கொஞ்சப் போனார், இவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அடித்தொண்டையில் ஒரு உறுமல். அண்ணி சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டார். ஆனால் முகம் சுருங்கிவிட்டது.

மார்ச் 18, புதன்

மறுபடியும். அண்ணியிடம் மட்டும்தான்.

உடம்பைப் பார்த்தேன். காது, வயிறு, கால் மூட்டு, முதுகெலும்பு, எல்லாம் சரி. வாயைப் பார்க்க இடது பக்க உதட்டைத் தூக்கப் போனேன், என்னிடமும் உறுமினான். விட்டுவிட்டேன். முகத்தைத் தொடுவதைச் சகிக்கவில்லை. அதுவும் இந்தச் சிக்கலில் சேர்த்திதான்.

எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குப் புது ஆள், எல்லோருடைய கவனமும் அவர் பக்கம். இவனுக்குப் பொறாமை.

சாப்பிடும்போது எல்லோருக்கும் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன், படம்கூட வரைந்து காட்டினேன். இவர் தலையாட்டிக் கேட்டார். அண்ணி மட்டும் கடைசியில், "நான் என்ன பண்ணேன் அதுக்கு?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நீங்க ஒண்ணும் பண்ணல அண்ணி, நீங்க இங்க இருக்கறதே அதுக்குக் கஷ்டமா இருக்கு" என்றேன்.

இப்போது எழுதும்போதுதான் அந்த வாக்கியம் காதில் விழுகிறது. ஆனால் அறிவியல்படி சரிதானே?

மார்ச் 22, ஞாயிறு

கடித்துவிட்டான்.

அண்ணியின் வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே. தையல் போடவேண்டி வந்தது. ஊசியும் போட்டாகிவிட்டது. "என் தப்புதான், பழக்கதோஷத்துல கை போயிடுச்சு" என்று வழியெல்லாம் அவரே சொல்லிக்கொண்டு வந்தார். நான் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். "முகத்துக்கு நேரா போகாதீங்கன்னு சொன்னேனே அண்ணி" என்றுதான் சொன்னேன்.

மகள் அழுது தீர்த்துவிட்டாள். இவர் கூடத்தில் நடந்துகொண்டே, "யார்கிட்டயாவது குடுத்துடலாம்" என்றார். நாயை அனுப்புவது தீர்வே இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். அப்படியானால் தீர்வு எது என்று யாரும் கேட்கவில்லை. அண்ணி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 23, திங்கள்

வக்கீலுக்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். மனதை அமைதிப்படுத்துவது. பெரிய டாக்டரிடம் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும், இது என் துறை.

மார்ச் 28, சனி

அண்ணிக்கு விதிகள் சொல்லியிருக்கிறேன். நாயின் கண்ணைப் பார்க்கக்கூடாது, குனியக்கூடாது, கூப்பிடக்கூடாது, கூடத்தில் அவன் இருந்தால் சுவரோரமாகப் போகவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அத்தனையையும் கடைப்பிடிக்கிறார். காலையில் அறைக் கதவை லேசாகத் திறந்து, "டாக்டரம்மா, குளிக்கப் போகலாமா? கோர்ட் கலைஞ்சாச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

அப்புறம் அவர் கூடத்தைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். இரண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, தன் தம்பி வீட்டில் சுவரை ஒட்டி நடந்துபோகிறார். வக்கீல் மாத்திரை மயக்கத்தில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

மகள் இப்போதெல்லாம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து படிக்கிறாள். அத்தை அறைக் கதவுதான் சாத்தியே இருக்கிறதே. சாப்பாட்டு மேசையில் பழைய கதைகள் இல்லை. எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது.

எதற்கு நிம்மதி?

ஏப்ரல் 3, வெள்ளி

மகளையும் பார்த்து உறுமினானாம், கன்னத்தோடு கன்னம் வைத்தபோது. "அம்மா, என்மேல அதுக்கு என்ன பொறாமை?" என்று கேட்டாள். அத்தையின் வாசனை உன் உடுப்பில் இருந்திருக்கும் என்றேன். எப்படித்தான் இவ்வளவு வேகமாகப் பதில் வருகிறதோ எனக்கு.

அண்ணி பெண்கள் விடுதி ஒன்றில் இடம் பார்த்துவிட்டார். பதினெட்டாம் தேதி போகிறார். சுத்தமான அறை, ஜன்னல் இருக்கிறது, சாப்பாடும் பரவாயில்லையாம். "அவசரமில்லையே அண்ணி" என்றேன். ஒரு முறைதான் சொன்னேன். மனதார நினைக்கிறவர்கள் இரண்டாம் முறையும் சொல்வார்கள். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லம்மா, அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றார்.

ஏப்ரல் 11, சனி

எழுதிவிட வேண்டும்.

காலையில் குடியிருப்போர் சங்கக் கூடத்தில் என் பேச்சு. "உங்கள் நாய்க்குப் பொறாமையா?" கூடம் நிறைந்துவிட்டது. உதாரணத்துக்கு வக்கீலையே காட்டலாம் என்று மகள் போனில் எடுத்த வீடியோவைப் போட்டேன். வீட்டில் சின்னத் திரையில் பலமுறை பார்த்ததுதான். இங்கே சுவர் அளவுக்குப் பெரிய திரை.

வக்கீல் சாப்பிடுகிறான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது பக்கத்தால் மட்டும் மெல்லுகிறான். இடது கடைவாய் வழியாகச் சோறு கீழே விழுகிறது. அந்தப் பக்கத்துத் தாடை மயிர் எச்சிலில் நனைந்து ஒட்டிக்கிடக்கிறது. அண்ணி தண்ணீர்க் கிண்ணத்தோடு வருகிறார். அவரைப் பார்த்ததும் வால் ஆடுகிறது. நன்றாக, இடுப்போடு சேர்த்து ஆடுகிறது. கிண்ணத்தை வைக்கும்போது அவர் மணிக்கட்டு இடது கன்னத்தில் உரசுகிறது. அப்போதுதான் உறுமுகிறான்.

அவரைப் பார்த்து இல்லை. அவரைப் பார்த்து வாலாட்டினான்.

பல். அவனுக்குப் பல் வலி. இதை வேறு யாருடைய நாயாவது செய்திருந்தால் வாசலில் நுழையும்போதே சொல்லியிருப்பேன்.

பாதி வாக்கியத்தில் நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதே நிறுத்தி, "மன்னிக்கணும், நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றிருக்கலாம். ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். "பாருங்கள், புதிதாக வந்தவரை இது எப்படி எதிர்க்கிறது" என்றேன். அதே குரலில், அதே புன்னகையோடு.

முடிவில் பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டாக்டர், ஏதாவது வலி இருந்தாலும் இப்படிப் பண்ணுமா?" என்று கேட்டாள். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றேன். "உங்க நாய்க்குப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு" என்றேன்.

கைதட்டினார்கள்.

அதே நாள், மாலை

எழுதி முடித்த கையோடு அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தேன். பெரிய டாக்டர் லேசான மயக்கம் கொடுத்தார். இடது உதட்டைத் தூக்கினோம். மேல் வரிசையில் பெரிய கடைவாய்ப் பல், பாதி சீவியெடுத்தாற்போல உடைந்திருக்கிறது. வேரில் சீழ். அந்தச் சின்ன அறை முழுக்க நாற்றம்.

அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "கெட்டியா எதையாவது கடிச்சானா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

கடக் கடக்.

நான் வாங்கிக் கொடுத்தது. அவன் மனதுக்கு வேலை கொடுக்க. அண்ணி வந்த அதே சமயத்தில் பல் உடைந்திருக்கிறது. நான் தேதியை மட்டும் பார்த்து ஆளைப் பிடித்துவிட்டேன்.

மாத்திரை விஷயத்தையும் சொன்னேன். சிகிச்சைச் சீட்டில் அதையும் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 12, ஞாயிறு

பல்லை எடுத்தாகிவிட்டது. பெரிய டாக்டர்தான் எடுத்தார், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப் போகிறேன்.

வீட்டில், "ஒரு பல் கெட்டுப்போயிருந்தது, எடுத்துட்டோம்" என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. அண்ணி கதவோரம் நின்று, "ஐயோ பாவம், கஞ்சி ஏதாவது காய்ச்சட்டுமா?" என்று கேட்டார். அங்கேயே நின்று கேட்டார், கிட்டே வரவில்லை.

ஏப்ரல் 15, புதன்

பழைய வக்கீல் திரும்பி வந்துவிட்டான். கூரியர்காரர், எதிர்வீட்டுப் பூனை, குக்கர் விசில் எல்லாவற்றோடும் வாதாடுகிறான். "உன் மாத்திரை நல்லா வேலை செய்யுதே" என்றார் இவர். அவர் குரலில் அவ்வளவு பெருமை. நான் வாயைத் திறந்தேன். "ம்" என்று மூடிவிட்டேன்.

இவர் இன்னொன்றும் சொன்னார்: "அக்காகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன், இங்கேயே இருக்கட்டும். நீ சொன்னா கேப்பா." அட்வான்ஸ் கொடுத்துவிட்டாரே என்றேன்.

சீ.

ஏப்ரல் 18, சனி

அண்ணி போய்விட்டார். ஒரு பெட்டி, ஒரு பை, மேசை விளக்கு.

வாசலில் செருப்பை மாட்டும்போது வக்கீல் ஓடிவந்தான். நான் தடுக்கவில்லை, தடுக்கவேண்டிய அவசியம் இல்லை என்று இந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவன் நேரே அவரிடம் போய், கழுத்தை நீட்டி, கன்னத்தைத் திருப்பிக் காட்டினான். இடது கன்னத்தை. அண்ணி இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டார். "வேண்டாம் சார். வேண்டாம். நான்தான் போயிடறேன்ல" என்றார்.

அப்போதுகூட நான் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அவனாவது உறுமிக் காட்டினான். எனக்கு வாய் எதற்கு?

ஏப்ரல் 24, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

முதலில் இவரிடம். கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார். அதுவும் சரிதான்.

அப்புறம் அண்ணியின் விடுதிக்குப் போனேன். வருகிறவர்கள் உட்கார ஒரு சின்ன அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஓடாத கடிகாரம். அண்ணி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. பல், நைலான் எலும்பு, மாத்திரை, கூடத்தில் சொன்ன பொய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கேஸ் கட்டைப் படிப்பது மாதிரிச் சொன்னேன், இல்லாவிட்டால் முடித்திருக்க மாட்டேன்.

அண்ணி துண்டை மடித்து மடியில் வைத்துவிட்டுத் தன் கைத் தழும்பைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"உனக்கு எப்போ தெரிஞ்சது?"

"நீங்க கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி."

"அப்போ வாசல்ல அது வந்து மூஞ்சியை நீட்டினப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும் அண்ணி."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நானும் அழுது தப்பித்திருப்பேன். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" என்றார். "தனியாவே இருந்து இருந்து நம்ம உடம்புல ஏதோ ஆகிப்போச்சு, வாயில்லாத ஜீவனுக்கே நம்மளைப் பிடிக்காமப் போற அளவுக்குன்னு நினைச்சேன். இங்க வந்து இத்தனை நாளாச்சு, பக்கத்து அறைக் குழந்தையை நான் தொடல. அது வந்து மடியில ஏறுது, நான் கையை எடுத்துக்கறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்தது."

"அது மட்டும்தானா?"

பதில் எனக்குத் தெரியும். நாயின் தலையில் நான் எழுதிய அந்த வார்த்தை யாருடையது என்று திரையில் வால் ஆடியதைப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது. அவர் சிரித்தால் எனக்கு எரிந்தது. மகள் அவர் தோளில் சாய்ந்தால் எரிந்தது. என் நாய் அவர் காலடியில் படுத்த அன்றைக்கே எரிந்தது. அவனுக்கு ஒன்றும் இல்லை, பாவம், அவனுக்குப் பல் மட்டும்தான். ஆனால் அங்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்ல வரவில்லை.

"சரி, வீட்டுக்கு வாங்க அண்ணி" என்றேன். "வாங்க அண்ணி" என்று மறுபடியும் சொன்னேன். அவர் எழுந்துவிட்டார்.

"வலியோட எத்தனை நாள் கெடந்துச்சோ. போய் முதல்ல அதுகிட்ட மன்னிப்புக் கேளு."

மே 9, சனி

அதே கூடம். இந்த முறை பாதிப் பேர்தான். அதே வீடியோவைப் போட்டு, எச்சில் நனைந்த தாடையில் நிறுத்தி, நான் எதைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். "பாத்தாச்சு" என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பாதியில் எழுந்து போனார். காது மடல் வரை சுட்டது.

பின்வரிசைப் பெண் வரவில்லை. அவளுக்காகத்தான் போயிருந்தேன்.

மே 20, புதன்

ஒரு தம்பதி பூனையோடு வந்தார்கள். குழந்தை பிறந்ததிலிருந்து மெத்தையில் மூத்திரம் போகிறதாம், சீறுகிறதாம். "குழந்தைமேல பொறாமை டாக்டர்" என்றார் கணவர், நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தவர் மாதிரி. முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், அப்புறம் மூத்திரத்தைப் பரிசோதித்தேன். கல்.

பலகையில் அந்த இரண்டாவது வரியை அழித்துவிடலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "இப்பதான் மேடம் உங்களுக்கு அது எழுதறதுக்குத் தகுதி வந்திருக்கு" என்றார். கேலியா, நிஜமா? கேட்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

அண்ணிக்குப் போன மாதமே வீடு கிடைத்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி, கீழ்த்தளம், பின்னால் கொஞ்சம் வெயில் விழுகிற இடம். ஞாயிற்றுக்கிழமை மகளும் வக்கீலும் அங்கே போய்விடுகிறார்கள். காலையில் இவர் கொண்டுபோய் விடுவார், சாயந்திரம் திரும்பக் கூட்டிவருவார். நான் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

இன்று இவருக்கு வேலை. கூட்டிவர நான் போனேன்.

கதவு திறந்திருந்தது. அண்ணி தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வக்கீல் அவர் மடியில் இடது கன்னத்தை முழுசாகக் கொடுத்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தழும்பு இருக்கிற கை அவன் தாடைக்கு அடியில். மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஏதோ கதை கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கதை நின்றது.

"டேய், வா போகலாம்" என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மகள் சிரித்துவிட்டாள். நான் நிலைப்படியிலேயே நின்றேன், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன டாக்டரம்மா, பொறாமையா?"

"ஆமா அண்ணி" என்றேன். "அப்பவும்தான்."

மகள் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணி வக்கீலின் தலையை மெதுவாக மடியிலிருந்து எடுத்து, மகள் கையில் ஏந்தக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"உக்காரு. காபி போடறேன்."

"இல்லண்ணி, நேரமாச்சு, நாங்க கிளம்பறோம்."

"உக்காருன்னேன்ல" என்றார்.

இரண்டாம் முறையும் சொல்லிவிட்டார். உட்கார்ந்தேன்.